மட்டக்களப்பு, அம்பாறையில் தமிழ் டிஜிட்டல் உள்ளடக்கம் விநியோகிக்க எவ்வளவு சந்தை இருக்கிறது? எப்படிக் கணக்குப் போடுவது?

எழுவான்கரை எழுதியது:

வணக்கம். கல்லடியிலிருந்து எழுதுகிறேன். நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு கம்பனி தொடங்குகிறோம். நாங்கள் எதையும் புதிதாகப் படம்பிடிக்கப் போவதில்லை. நம் பக்கத்தில் ஆட்கள் ஏற்கெனவே செய்து வைத்திருக்கிற கூத்துப் பதிவுகள், கண்ணகி அம்மன் சடங்கில் பாடுகிற குளிர்த்திப் பாடல்கள், சிறுவர் ஒலிக்கதைகள், ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்கான பாடங்கள் எல்லாவற்றையும் உரிமையாளரோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்து, ஒரே செயலி மூலம் மக்களிடம் சேர்ப்பது. வருகிற காசை அவர்களோடு பங்கிடுவது. இவ்வளவுதான் வேலை.

முதல் போட முன்வந்திருக்கிற ஒருவர், "சந்தை எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாங்க, மிச்சத்தை அப்புறம் பேசுவம்" என்று சொல்லியிருக்கிறார். நான் போட்ட கணக்கு இது. 2012 குடிசன மதிப்பீட்டில் மட்டக்களப்பு மாவட்டத்தில் ஏறத்தாழ 5 லட்சத்து 26 ஆயிரம் பேர், அம்பாறையில் 6 லட்சத்து 49 ஆயிரம் பேர். மட்டக்களப்பில் அநேகமாக எல்லோரும் தமிழ் பேசுகிறவர்கள். அம்பாறையில் முஸ்லிம்களும் தமிழரும் சேர்ந்து நூற்றுக்கு 60க்குக் கொஞ்சம் மேல். இரண்டு மாவட்டத்தையும் கூட்டினால் 9 லட்சம் சொச்சம். வீட்டுக்கு 4 பேர் என்று பிடித்தால் 2 லட்சத்து 30 ஆயிரம் வீடுகள். வீட்டுக்கு மாதம் 300 ரூபாய் என்றால் வருடம் 3,600. பெருக்கினால் 82 கோடி ரூபாய். அதில் நூற்றுக்கு 5 பிடித்தாலே 4 கோடி.

இதை அவரிடம் கொண்டுபோகலாமா? வெளிநாட்டில் இருக்கிற நம் ஆட்களையும் இதில் சேர்க்க வேண்டுமா? வருடா வருடம் எவ்வளவு வளரும் என்று எதை வைத்துச் சொல்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

தம்பி, இந்தத் தாளைக் கொண்டுபோக வேண்டாம். சனத்தொகை எண்கள் சரி. புதிய கணக்கெடுப்பின் எண்களைப் போட்டாலும் அளவு பெரிதாக மாறாது. ஆனால் அந்த 82 கோடி சந்தை இல்லை. அது சனத்தொகையை ரூபாயில் எழுதியது.

"நூற்றுக்கு 5 பிடித்தாலே" என்ற வசனம்தான் முதல் போடுகிறவரை யோசிக்க வைக்கும். அந்த 5 எங்கிருந்து வந்தது என்று கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது. மேலிருந்து கீழே வரும் கணக்கில் எல்லோரும் கடைசியில் போய் நிற்கிற இடம் அதுதான். 82 கோடி பெரிய எண் என்பதால் 5 சின்னதாகத் தெரிகிறது. ஆனால் 2 லட்சத்து 30 ஆயிரம் வீடுகளில் நூற்றுக்கு 5 என்றால் 11,500 வீடுகள், மாதா மாதம், விடாமல் 300 ரூபாய் கட்ட வேண்டும். 11,500 வீடுகளை மனக்கண்ணில் கொண்டுவந்து பாருங்கள். பல கிராமங்கள் முழுக்க உங்களுக்குக் காசு கட்டுகிறது என்று அர்த்தம்.

மூன்று தட்டாகப் பிரியுங்கள். முதலாவது, இந்த மாதிரி விஷயத்துக்கு யாரெல்லாம் காசு கொடுக்கக்கூடும் என்ற மொத்தம். இரண்டாவது, அதில் உங்கள் செயலி, உங்கள் கட்டண வழி, உங்கள் விலை யாரை எட்டும் என்பது. மூன்றாவது, முதல் இரண்டு மூன்று வருடத்தில் உங்கள் ஆட்களை வைத்துக்கொண்டு பிடிக்கக்கூடியது. பணம் போடுகிறவர் முதல் தட்டைப் பார்த்துத் தலையாட்டுவார். மூன்றாவதைப் பார்த்துத்தான் காசோலை எழுதுவார்.

இன்னொன்று. ஒரு விகிதத்தை இன்னொரு விகிதத்தால் பெருக்கிக்கொண்டு போகும்போது பிழையும் பெருகும். ஐந்து விகிதங்கள் வைத்து, ஒவ்வொன்றையும் நூற்றுக்கு 20 கூட்டிப் பிடித்துவிட்டால் கடைசி விடை உண்மையைப் போல இரண்டரை மடங்கு ஆகிவிடும். ஒவ்வொன்றும் தனியாகப் பார்க்கும்போது பெரிய பிழையாகத் தெரியவே தெரியாது.

---

சம்மாந்துறை காக்கா எழுதியது:

எனக்குப் படிப்புக் கணக்குத் தெரியாது, கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறேன். ரீலோட், போட்டோ கொப்பி, பரீட்சைக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறது, பேப்பர் அடிக்கிறது எல்லாம் நடக்கும். முன்பு மெமரி கார்டுக்குப் பாட்டும் படமும் ஏற்றிக் கொடுத்தோம், இப்போது அது நின்றுவிட்டது. எல்லாம் வட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் வந்துவிடுகிறது.

மாதம் 300 என்று எழுதியிருக்கிறீர்கள் தம்பி. என் கடைக்கு வருகிறவர்கள் யாரும் மாதக் கணக்கில் யோசிக்கிறதில்லை. 50 போடுங்க, 100 போடுங்க என்றுதான் கேட்பார்கள். கையில் காசு வந்த அன்றைக்கு 500 போடுவார்கள். காசு எப்போது வருகிறது என்றால், எங்கள் பக்கம் வயல்தான். பெரும்போகம் பெப்ரவரி, மார்ச்சில் வெட்டும்போது ஊரில் காசு ஓடும். சிறுபோகம் வெட்டுகிற ஜூலை, ஓகஸ்ட்டில் இன்னொரு தடவை. நெல் விதைத்துவிட்டு மழையைப் பார்த்துக்கொண்டிருக்கிற நொவம்பர், டிசம்பரில் கடன் கொப்பிதான் நிரம்பும். மீன்பிடிக்கிற ஊர்களுக்கு வேறு கணக்கு. கட்டாருக்கும் சவூதிக்கும் ஆள் போன வீடுகளில் மாதத் தொடக்கத்தில் காசு வரும், அவர்களிடம் மாதச் சந்தா ஓடும். மற்றவர்களிடம் ஓடாது.

இன்னுமொன்று. கூத்துப் பதிவை எங்கள் ஊரில் காசு கொடுத்துப் பார்க்க ஆள் இல்லை. அது எங்கள் வழக்கம் இல்லை. ஆனால் புலமைப்பரிசில் பாடம் என்றால் சம்மாந்துறையும் ஒன்றுதான், கொக்கட்டிச்சோலையும் ஒன்றுதான். 9 லட்சம் பேரையும் ஒரே கூடைக்குள் போட்டுக் கணக்குப் பார்க்காதீர்கள்.

---

எழுவான்கரை எழுதியது:

காக்கா, இது எனக்குப் புதிய செய்தி. அப்படியென்றால் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனிச் சந்தை, தனித்தனிக் கணக்கு. சரி. புலமைப்பரிசில் பாடத்தில் இருந்து தொடங்குவோமா? பள்ளிக்கூடத்தில் இருக்கிறவர்கள் யாராவது?

---

ஆரையம்பதி ரீச்சர் எழுதியது:

நான் ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கிறேன். சொல்ல நிறைய இருக்கிறது.

நாடு முழுக்க இந்தப் பரீட்சைக்கு 3 லட்சத்துக்கு மேல் பிள்ளைகள் தோற்றுகிறார்கள். தமிழ் மொழி மூலம் ஏறத்தாழ 80 ஆயிரம். நம் இரண்டு மாவட்டங்களுக்கும் எத்தனை என்பதை வலயக் கல்வி அலுவலகங்களில் கேட்டுக் கூட்டிக்கொள்ளுங்கள், அதுதான் சுத்தமான எண்.

ஆனால் பெற்றோர் எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று தெரியாமல் அந்த எண்ணை வைத்து எதுவும் செய்ய முடியாது. நாலாம் ஆண்டு நடுவிலேயே டியூசன் தொடங்கிவிடும். ஐந்தாம் ஆண்டில் சில பிள்ளைகள் இரண்டு இடத்துக்குப் போகும். அதுக்கு மேல் மாதிரி வினாத்தாள், கடந்தகால வினாத்தாள் புத்தகம், கருத்தரங்கு. தாய்மார் இதற்காகச் சீட்டுப் போட்டுக் காசு சேர்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். வீட்டில் வேறு எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்கமாட்டார்கள். உங்கள் சந்தை அங்கே இருக்கிறது. டிஜிட்டல் என்று தனியாக ஒரு காசு வீட்டில் இல்லை. டியூசனுக்கும் வினாத்தாளுக்கும் போகிற காசில் எவ்வளவு உங்கள் பக்கம் திரும்பும் என்பதுதான் கேள்வி.

அந்தக் காசு திரும்புவதற்கு மூன்று தடைகள் இருக்கின்றன. பின்னேரம் பிள்ளை படிக்கிற நேரத்தில் போன் வீட்டில் இருக்காது, தகப்பனோடு போயிருக்கும். இரண்டாவது, 2020, 2021 கொரோனா காலத்தில் சூம் வகுப்பு நடத்தினோம். அப்போது போனைக் கையில் கொடுத்துப் பட்ட பாடு பல தாய்மாருக்கு இன்னும் மறக்கவில்லை, "போன் வேண்டாம் ரீச்சர், பேப்பர் தாங்க" என்கிறார்கள். மூன்றாவது, படிப்பிக்கிற ஆள் யார் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். முகம் தெரியாத ஆளின் பாடத்தை எவ்வளவு அழகாக எடுத்தாலும் வாங்கமாட்டார்கள். ஊரில் பெயர் எடுத்த ஆசிரியர் ஒருவர் உங்களோடு சேர்ந்தால் அவருடைய வகுப்புப் பிள்ளைகள் அப்படியே வருவார்கள். ஆகவே சந்தையைப் பிள்ளைகளை எண்ணி அளக்க வேண்டாம். எத்தனை ஆசிரியர்கள் உங்களோடு கையெழுத்துப் போடுவார்கள், ஒவ்வொருவருக்குப் பின்னாலும் எத்தனை பிள்ளைகள் என்று எண்ணுங்கள்.

கடைசியாக, பரீட்சை முடிந்த மறுநாள் அந்தக் குடும்பம் உங்கள் வாடிக்கையாளர் இல்லை. 2023இல் பரீட்சை ஒக்டோபரில் வந்தது, 2024இல் செப்டெம்பரில், 2025இல் ஓகஸ்ட்டில். எத்தனை மாதம் காசு வரும் என்பதே வருடத்துக்கு வருடம் மாறும்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

ரீச்சர் சொன்னதை வைத்து ஒரு மாதிரிக் கணக்கு. வலய எண் கையில் வரும் வரைக்கும்தான் இது.

2012இல் இலங்கைத் தமிழர், மலையகத் தமிழர், முஸ்லிம்கள் மூவரையும் கூட்டினால் ஏறத்தாழ 50 லட்சம். நம் இரண்டு மாவட்டங்களில் 9 லட்சம், அதாவது நூற்றுக்கு 18. 80 ஆயிரத்தில் நூற்றுக்கு 18 என்றால் 14,400 பிள்ளைகள். வெளி மாவட்டங்களில் முஸ்லிம் பிள்ளைகள் ஒரு பகுதியினர் சிங்கள மொழி மூலம் படிக்கிறார்கள், கிழக்கில் அப்படி இல்லை. ஆகவே உண்மை எண் இதைவிடக் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். இருக்கட்டும், குறைத்தே பிடிப்போம்.

பத்தில் ஒரு வீடு வாங்குகிறது என்று வையுங்கள். இது ஊகம்தான், பிறகு சோதித்துப் பார்க்க வேண்டியது. 1,440 வீடுகள். 300 ரூபாய், 8 மாதம். மொத்தம் 34 லட்சத்து 56 ஆயிரம். கூகுள் ப்ளே வழியாகச் சந்தா வாங்கினால் நூற்றுக்கு 15 அங்கே போகும், மிச்சம் 29 லட்சம் சொச்சம். அதில் நூற்றுக்கு 40 ஆசிரியருக்குக் கொடுத்தால் கம்பனிக்கு நிற்பது ஏறத்தாழ 17 லட்சத்து 60 ஆயிரம். மாதத்துக்குப் பிரித்தால் ஒன்றரை லட்சம்கூட இல்லை. இதற்குள் சேவர் செலவு, ஆள் சம்பளம், ஓடித்திரிகிற செலவு எல்லாம் வர வேண்டும். விற்பனை வளர்ந்து வற் (பெறுமதி சேர் வரி) பதிவுக்குப் போகிற நிலை வந்தால் 2024 ஜனவரியிலிருந்து வீதம் நூற்றுக்கு 18 என்பதையும் விலைக்குள் யோசிக்க வேண்டும்.

82 கோடியில் தொடங்கி 17 லட்சத்தில் வந்து நிற்கிறோம். மனம் சோர வேண்டாம் தம்பி. இந்த 17 லட்சத்தின் ஒவ்வொரு படிக்கும் காரணம் இருக்கிறது. எந்தப் படியைத் தள்ளினால் எவ்வளவு கூடும் என்று இனிச் சொல்ல முடியும். பத்தில் ஒன்று பத்தில் இரண்டானால் இரட்டிப்பு. க.பொ.த. உயர்தர மாணவருக்கும் இதே மாதிரிப் போட்டால் காலம் இரண்டு வருடமாக நீளும், பாடத்துக்கு ஒரு விலை வைக்கலாம்.

---

வாவிக்கரையான் எழுதியது:

தொலைத்தொடர்பு விநியோகத்தில் பல காலம் வேலை செய்தவன் என்ற முறையில் ஒரு விஷயம். இங்கே எல்லோரும் உங்கள் விலையை மட்டும் பார்க்கிறீர்கள். வாங்குகிற ஆளுக்கு விலை என்பது நீங்கள் கேட்கிற காசும் டேட்டா காசும் சேர்ந்ததுதான்.

480 தரத்தில் ஒரு மணி நேர வீடியோ அரை ஜிபி அளவு தின்னும். மாதம் 20 மணி நேரப் பாடம் என்றால் 10 ஜிபி. அதே பாடத்தை 64 கிலோபிட்டில் ஒலியாகக் கொடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 30 எம்பிகூடப் போகாது, மாதம் முழுக்க 600 எம்பிக்குள் முடிந்துவிடும். 2022 செப்டெம்பரில் போன், இன்டர்நெட் கட்டணங்களை நூற்றுக்கு 20 கூட்டினார்களே, அதற்குப் பிறகு வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் ஆட்கள் வீடியோவைத் தொடுவதற்கு முன் மிச்ச டேட்டாவைப் பார்க்கிறார்கள்.

அதைவிடப் பெரிய விஷயம், நிறையப் பேர் யூடியூப்புக்கு, வட்ஸ்அப்புக்கு என்று தனியாக வருகிற பக்கேஜ்தான் போடுகிறார்கள். அந்தப் பக்கேஜில் யூடியூப் ஓடும், உங்கள் செயலி ஓடாது. ஸ்மார்ட் போன் இருக்கிறவர் எல்லாம் எட்டக்கூடிய சந்தை என்று எழுதினால் இந்த ஆட்கள் அத்தனை பேரும் தவறாக உள்ளே வந்துவிடுவார்கள். கையில் போன் இருக்கும், நெட் இருக்கும், ஆனால் உங்களுக்கு அவர்கள் இல்லை.

இதற்கு வழி இருக்கிறது. நள்ளிரவுக்குப் பிறகு ஓடுகிற இரவு டேட்டா பல பக்கேஜ்களில் சும்மா கிடந்து முடிந்துபோகிறது. செயலி அந்த நேரத்தில் அடுத்த நாள் பாடத்தைத் தானாக இறக்கி வைத்தால் வாடிக்கையாளருக்கு டேட்டாச் செலவு இல்லை. இந்த ஒரு வசதி உங்கள் இரண்டாவது தட்டைப் பெரிதாக்கும். விளம்பரத்தில் போடுகிற காசை இதில் போடுங்கள்.

---

புதுக்குடியிருப்பான் எழுதியது:

எதற்கு இவ்வளவு சிரமம்? எல்லாவற்றையும் யூடியூப்பில் போட்டுவிட்டு விளம்பரக் காசை எடுக்கலாமே. சந்தையை அவர்களே கொண்டுவந்து தருவார்கள்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

அதுவும் ஒரு வழிதான், அதற்கும் கணக்கு இருக்கிறது. முழு விளம்பரப் பங்கு வர 1,000 சந்தாதாரரும், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். நீள வீடியோவில் வரும் விளம்பரக் காசில் நூற்றுக்கு 55 நமக்கு. ஆனால் அந்தக் காசு பார்க்கிற ஆள் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதைப் பொறுத்து வெகுவாக மாறும். களுவாஞ்சிகுடியில் பார்க்கிற ஆயிரம் பேரும் சூரிச்சில் பார்க்கிற ஆயிரம் பேரும் விளம்பரதாரருக்கு ஒன்றில்லை. நம் பக்கத்துப் பார்வையை மட்டும் நம்பினால் கூத்துப் பழக்குகிற ஒரு அண்ணாவியாருக்குப் பங்கு என்று சொல்லிக் கையில் கொடுக்கப் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. யூடியூப்பை ஆட்களைக் கூட்டி வருகிற வாசலாக வைத்துக்கொள்ளலாம். வீட்டைக் கட்ட வேறு இடம் வேண்டும்.

---

படுவான்கரை எழுதியது:

கூத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். என் தாத்தா அண்ணாவியார், அப்பா மத்தளம் அடிப்பவர்.

எழுவான்கரைத் தம்பி கூத்துப் பதிவைப் பாட்டுக் கசெட் மாதிரி விற்கலாம் என்று நினைக்கிறார் போல. எங்கள் ஊரில் வடமோடிக் கூத்து ஒன்று அரங்கேற எத்தனை மாதம் பழகுகிறார்கள் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அறுவடை முடிந்த காலத்தில் வட்டக்களரி என்ற வட்டமான ஆடுகளம் போட்டு விடிய விடிய ஆடுவார்கள். அதை வீடியோ எடுக்க ஊரே சேர்ந்து காசு கொடுக்கும். உடுப்புக்கு, விளக்குக்கு, சாப்பாட்டுக்குப் பிரிக்கிற மாதிரி வீடியோக்காரருக்கும் ஒரு பங்கு ஒதுக்கியே வைத்திருப்பார்கள். அப்புறம் ஆடியவர் ஒவ்வொருவரும் ஒரு பிரதி கேட்பார். கொழும்பில், சுவிஸில் இருக்கிற தம்பிக்கு அனுப்ப இன்னொன்று. எல்லாம் பென் டிரைவில் போகும், அதோடு முடிந்துவிடும்.

ரீச்சர் சொன்ன மாதிரி ஏற்கெனவே செலவாகிற காசைப் பார்த்தால், கூத்தில் காசு கொடுக்கிறது பார்வையாளர் இல்லை. ஆடுகிற ஊர்தான் கொடுக்கிறது. ஆகவே மாதச் சந்தாவை விடுங்கள். அரங்கேற்றத்தை ஒழுங்காக ஒலி, ஒளியோடு பதிந்து, வரவு முதல் மங்களம் வரை பகுதி பகுதியாகப் பிரித்து, ஆடியவர் பெயர் ஊரோடு போட்டு, என்றைக்கும் அழியாமல் வைத்திருப்போம் என்று ஊருக்குச் சொல்லுங்கள். அதற்குக் காசு கொடுப்பார்கள். வருடத்தில் நம் பக்கம் எத்தனை அரங்கேற்றம் நடக்கிறது என்று ஊர் ஊராக எண்ணினால் அந்தச் சந்தையின் அளவு வந்துவிடும். அது சின்னச் சந்தை. ஆனால் கையில் பிடிக்கக்கூடிய சந்தை.

உரிமை விஷயத்தையும் மறக்க வேண்டாம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் ஆடுகிறவர்களுக்கும் உரிமை இருக்கிறது. வீடியோ எடுத்தவர் கையெழுத்துப் போட்டால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். அண்ணாவியார், பாடுபவர், ஆடுபவர் எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும். குளிர்த்திப் பாடலும் அப்படித்தான், வைகாசிச் சடங்கில் பாடுகிறதை விலைக்கு வைக்கலாமா என்று கோயில் நிர்வாகத்திடமும் சடங்கு செய்கிற கப்புகனாரிடமும் கேட்டுவிட்டுத்தான் கணக்கில் சேர்க்க வேண்டும். அவர்கள் மாட்டோம் என்றால் அந்தச் சந்தை பூச்சியம்தான், அதை மதிக்க வேண்டும்.

---

ஆரையம்பதி ரீச்சர் எழுதியது:

படுவான்கரைத் தம்பி சொன்னது முழுக்கச் சரி. இன்னொன்றும் சேர்க்கிறேன். பழைய நூல்கள், சஞ்சிகைகள் என்றால் நூலகம் திட்டம் 2005இலிருந்து இணையத்தில் இலவசமாகவே தந்துகொண்டிருக்கிறது. அங்கே கிடைக்கிறதை விலைக்கு வைத்தால் ஆட்கள் வாங்கமாட்டார்கள், வாங்கவும் கூடாது. இலவசமாகக் கிடைக்கிற எல்லாவற்றையும் முதலில் ஒரு தாளில் எழுதி, உங்கள் பட்டியலிலிருந்து வெட்டிவிடுங்கள்.

---

ஸ்காபரோ மட்டக்களப்பான் எழுதியது:

வெளிநாட்டைச் சேர்க்கலாமா என்ற கேள்விக்குக் கனடாவிலிருந்து பதில். சேருங்கள், ஆனால் வேறு தாளில்.

இங்கே மாதம் 5 டொலர் யாருக்கும் பாரமில்லை. அட்டை விபரம் ஒரு தடவை போட்டால் மாதா மாதம் தானாகப் போகும். டேட்டா பிரச்சினையும் இல்லை. ஒரு கனடா வீட்டில் வருகிற காசுக்கு அங்கே எத்தனையோ வீடு பிடிக்க வேண்டும். அதனால் இந்தப் பக்கமே எல்லாம் ஓடிவிடத் தோன்றும். பொறுங்கள்.

புலம்பெயர்ந்த தமிழர் இத்தனை லட்சம் என்ற எண்ணை எடுத்துப் பெருக்காதீர்கள். அந்த எண்ணில் பெரும்பகுதி யாழ்ப்பாணத்தார். அவர்களுக்கு நம் கூத்தின் ராகம் வேறு, பேச்சு வேறு. நம் ஊர்க்காரரை எண்ண வேண்டுமென்றால் ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள் இருக்கின்றன. ஒன்றுகூடலுக்கு எத்தனை குடும்பம் வருகிறது, கோயில் திருவிழாவுக்கு எத்தனை குடும்பம் காசு அனுப்புகிறது என்று அந்த நிர்வாகத்தாரிடம் கேளுங்கள். மாமாங்கத் தீர்த்தத்துக்கோ கொக்கட்டிச்சோலைத் தேருக்கோ காசு அனுப்புகிற குடும்பம் ஊரோடு இன்னும் தொடர்பில் இருக்கிற குடும்பம். அந்தப் பெயர்ப்பட்டியல்தான் உங்கள் சந்தை.

இன்னொன்று, இங்கே பிறந்த பிள்ளைகள் பலருக்குத் தமிழ் கேட்டால் விளங்கும், வாசிக்க வராது. அவர்களுக்கு ஒலிக்கதை பொருந்தும். என் மகள் இரவில் தூங்கப்போகும்போது அம்மம்மா பேசுகிற மாதிரியான தமிழில் ஒரு கதை கேட்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். கிடைக்கிறதெல்லாம் இந்தியப் பேச்சு. நல்ல மட்டக்களப்புத் தமிழில் நல்ல குரலில் கதை இருந்தால் நான் வாங்குவேன், என்னைப் போல இங்கே நிறையத் தாய் தகப்பன்மார் இருக்கிறோம்.

---

எழுவான்கரை எழுதியது:

அண்ணன், ஒலிக்கதை பற்றி நீங்கள் சொன்னது மனதில் நிற்கிறது. வாவிக்கரை அண்ணன் சொன்ன டேட்டாக் கணக்கும் அதே பக்கம்தான் கைகாட்டுகிறது.

வளர்ச்சி பற்றிய கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. முதலாம் வருடம் இவ்வளவு, மூன்றாம் வருடம் இவ்வளவு என்று எப்படிப் போடுவது?

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

இதற்கு 1969இல் பிராங்க் பாஸ் என்பவர் போட்ட ஒரு மாதிரி இருக்கிறது. புதிய பொருளை வாங்குகிறவர்களை இரண்டாகப் பார்க்கிறார். தானாகவே துணிந்து வாங்குகிறவர்கள், அடுத்தவர் வாங்கியதைப் பார்த்து வாங்குகிறவர்கள். முதல் வகைக்கு ஒரு கெழு, அதாவது எவ்வளவு வேகமாக வாங்குவார்கள் என்று காட்டுகிற எண், இரண்டாவதுக்கு ஒரு கெழு. பல பொருட்களை ஆராய்ந்து கிடைத்த சராசரி முதலாவதுக்கு 0.03, இரண்டாவதுக்கு 0.38.

உங்கள் மொத்தச் சந்தை 10,000 வீடுகள் என்று வையுங்கள். முதல் வருடம் 300 வீடுகள். இரண்டாம் வருடம் புதிதாக 400. மூன்றாம் வருடம் 530க்குக் கிட்ட. மூன்று வருட முடிவில் எல்லாம் கூட்டினால் 1,230 வீடுகள், அதாவது நூற்றுக்கு 12 சொச்சம். பணம் போடுகிறவரிடம் காட்டுகிற தாளில் முதல் வருடமே சந்தையில் பாதி என்று யாரும் எழுதக்கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

---

வாவிக்கரையான் எழுதியது:

அந்தச் சராசரியை அப்படியே எடுக்கலாமா என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. பாஸ் பார்த்தது குளிர்சாதனப் பெட்டி, கலர் டிவி போன்ற வீட்டுப் பொருட்களை. வருடக்கணக்கில் யோசித்து வாங்குகிறவை. காத்தான்குடியில் ஒரு தாய் ஒரு பாடம் நல்லது என்று வகுப்பு வட்ஸ்அப் குழுவில் போட்டால் அன்று இரவே குழு முழுக்கத் தெரிந்துவிடும். அடுத்தவரைப் பார்த்து வாங்குகிற கெழு இங்கே கூடத்தான் இருக்க வேண்டும்.

---

ஆரையம்பதி ரீச்சர் எழுதியது:

தெரிவது வேறு, வாங்குவது வேறு தம்பி. அதே குழுவில் ஒரு தாய் வாங்கிய பாடத்தை இன்னொரு தாய் "எனக்கும் அனுப்புங்க" என்று கேட்பார். அவரும் அனுப்பிவிடுவார். அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளையும் பாஸ் பண்ணட்டும் என்றுதான். குழு வேகமாகப் பரப்பும், அதே வேகத்தில் உங்கள் விற்பனையையும் குறைக்கும். ஐந்து பேர் சேர்ந்து எடுக்கிற ஒரு குழுச் சந்தா வைத்தால் அந்தப் பழக்கத்தையே விற்பனையாக மாற்றலாம்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

இருவர் சொன்னதையும் ஏற்கிறேன். கெழுவைப் புத்தகத்திலிருந்து எடுக்காமல் ஒரு ஊரில் முதல் சில மாதம் ஓடவிட்டு, வருகிற எண்களை வைத்துச் சரிசெய்யுங்கள். விலைக்கும் அப்படித்தான். "300 ரூபாய் கொடுப்பீர்களா?" என்று கேட்டால் மரியாதைக்கு "ஓம்" என்பார்கள். 1976இல் வான் வெஸ்டன்டோர்ப் என்ற டச்சுக்காரர் வைத்த நாலு கேள்விகளைக் கேளுங்கள். எந்த விலைக்கு வந்தால் "இவ்வளவு மலிவா, தரம் இருக்காதே" என்று நினைப்பீர்கள்? எந்த விலை என்றால் லாபமாக வாங்கினோம் என்று தோன்றும்? எந்த விலைக்கு மேல் கொஞ்சம் யோசிப்பீர்கள்? எந்த விலைக்கு மேல் வேண்டவே வேண்டாம்? நாலு பதிலையும் கோடாக வரைந்தால், வெட்டுகிற இடங்களுக்குள் உங்கள் விலை இருக்கும். அறுவடை மாதத்தில் ஒரு தடவை, டிசம்பரில் ஒரு தடவை கேட்க வேண்டும். காக்கா சொன்னதற்குப் பிறகு ஒரே தடவை கேட்கிற கணக்கை நான் நம்பமாட்டேன்.

---

எழுவான்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தாளை இப்படி மாற்றுகிறேன். முதலில் புலமைப்பரிசில் மட்டும், வலய எண்ணோடு. ஆசிரியர்களை எண்ணித் தொடங்குவோம். பாடம் ஒலியாகவும், அதோடு கடையில் எடுக்கக்கூடிய அச்சு வினாத்தாளாகவும். ஒலிக்கதைக்கு ஊர்ச் சங்கப் பட்டியலை வைத்துத் தனித்தாள். கூத்துக்கு அரங்கேற்றங்களை எண்ணி இன்னொன்று, ஊர்களிடம் பேசிய பிறகு. கல்லடி, கொக்கட்டிச்சோலை, சாய்ந்தமருது மூன்று இடத்திலும் ஒவ்வொரு தெருவை எடுத்து, வீடு வீடாகப் போய் இப்போது டியூசனுக்கும் வினாத்தாளுக்கும் டேட்டாவுக்கும் என்ன செலவழிக்கிறார்கள் என்று கேட்கப் போகிறோம்.

---

சம்மாந்துறை காக்கா எழுதியது:

கேட்கிறது நல்லது, அதோடு விற்றும் பாருங்கள். 100 ரூபாய்க்கு ஒரு கார்ட் அடியுங்கள், ரீலோட் கார்ட் மாதிரி சுரண்டுகிற நம்பரோடு, இரண்டு கிழமைக்குப் பாடம். வங்கி அட்டை இல்லாத தாய்மார்தான் எங்கள் பக்கம் கூட, அவர்கள் கடையில் காசு கொடுத்துத்தான் வாங்குவார்கள். என் கடையில் கொஞ்சம் வைக்கிறேன், கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் தெரிந்த கடைகள் இருக்கின்றன. கமிஷன் ரீலோட்டுக்குக் கிடைக்கிறதைவிடக் கொஞ்சம் கூடத் தந்தால் கடைக்காரர் தாமாகவே எடுத்துக் காட்டுவார்கள். எந்தத் திகதி வரை ஓடும் என்பதைத் தமிழில் பெரிய எழுத்தில் போடுங்கள், இல்லாவிட்டால் ஆட்கள் கடைக்காரரோடுதான் சண்டைக்கு வருவார்கள். இரண்டாவது கார்ட் வாங்க எத்தனை பேர் திரும்பி வருகிறார்கள் என்று கொப்பியில் எழுதி வைக்கிறேன். கார்ட் எப்போது வரும்?